இலை கொட்டும் மாதமும் தீபாவளித் தண்ணீரும்

போன வாரம் பேத்தியின் வீட்டுப்பாடத்துக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பருவகாலங்களை வரைந்து வண்ணம் தீட்ட வேண்டுமாம். நான்கு மரங்கள் வரைந்தாள். ஒன்றில் பூ, ஒன்றில் பச்சை இலை, ஒன்றில் சிவந்த இலை, கடைசி மரத்தின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பனி. அழகாகவே வரைந்திருந்தாள். “இதுல நம்ம ஊரு எதும்மா?” என்றேன். தலை நிமிராமலே பதில் வந்தது: “நமக்குப் பருவம் கிடையாது பாட்டி. வெயில், மழை, அவ்வளவுதான்.”

பிள்ளை மேல் குறையில்லை. இதே பேச்சைப் பெரியவர்கள் வாயிலும் கேட்கிறேன். “மலேசியாவுல டுரியான் சீசனத் தவிர வேற என்ன சீசன் இருக்கு” என்று கல்யாண வீட்டில் ஒருவர் சொல்கிறார், சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் அப்பா அம்மாவுக்கு ஆண்டு முழுவதும் பருவங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது, கைக்கு ஒரு வேலை இருந்தது, பல நேரம் சம்பளத்தில் ஒரு குறைவும் இருந்தது. அதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டது நாம்தான்.

நான் பிறந்தது 1968இல், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில். கோலசிலாங்கூர் கடற்கரை அங்கிருந்து தூரமில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்வந்த களைப்பு தீரும் சமயத்தில் தோட்டத்தில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். மாசி பிறந்தால் கொட்டும். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் இருக்கும் கிளந்தானையும் திரெங்கானுவையும் நனைத்துவிட்டு, தித்திவங்சா மலையைத் தாண்டி நம் பக்கம் வருவதற்குள் ஈரம் குறைந்துவிடும். பிப்ரவரியில் இந்த மேற்குக் கரை காய்ந்து கிடப்பது அதனால்தான். அந்த வறட்சியில் பால்மரம் மொத்தமாக இலையை உதிர்த்துவிடும்.

எந்நேரமும் இருண்டு கிடக்கும் பால்மரக்காடு அந்தச் சில வாரங்கள் மட்டும் திறந்துகொள்ளும். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றால், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரைக்கும் பார்வை போகும். கீழே கணுக்கால் புதையச் சருகு. அப்பா நடக்கும் சருகுச் சத்தத்தை வைத்தே எந்த நிரையில் நிற்கிறார் என்று அம்மா சொல்லிவிடுவார். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் உச்சியெல்லாம் செம்பு நிறத்தில் தளிர். மரத்தின் பலமெல்லாம் தளிருக்குப் போய்விடுவதால் பால் குறைந்துவிடும். வாளி பாதிகூட நிறையாது. கிராணி எடை போட்டுச் சொல்லும் கணக்கு இறங்கும், மளிகைக் கடைப் பற்று ஏறும். அம்மா மார்கழியிலேயே அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளியாகச் சேர்க்க ஆரம்பிப்பார். “எல கொட்டுற மாசம் வருது, இப்ப சட்ட கேக்காத” என்பார். நான் படித்த முதல் பருவப் பாடம் அது.

பேத்தி வரைந்த சிவந்த மரத்தைத் தேடி நான் வேறு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் வாசலிலேயே நின்றது.

ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் கொட்டைக் காலம். உச்சி வெயிலில் பால்மரக் காய்கள் பட் பட்டென்று வெடித்து, கொட்டை எங்கோ போய் விழும். வழவழவென்று புள்ளி போட்ட கொட்டை. அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அண்ணன்மார் எங்கள் கையில் வைத்துவிட்டு ஓடுவார்கள்.

1986இல் எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை போட்டார்கள். செம்பனை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டதே 1917இல், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அந்தப் பெயரிலேயே நம் தமிழ் இருக்கிறது. ஆனால் செம்பனை இலை கொட்டாது. ஆண்டு முழுக்க ஒரே பச்சை, ஒரே நிழல். மட்டையை நாம் வெட்டி இறக்கினால்தான் உண்டு. “இந்த மரத்துக்கு மாசம் தெரியல” என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பருவமே இல்லை என்று சொல்வதற்கு ஒரு பெரிய காரணம் இது என்று நினைக்கிறேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்த ஒரு பருவம் பால்மரத்தோடு சேர்ந்து போய்விட்டது.

அம்மா இதை முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்குச் செம்பனையையும் தெரியும். 1981க்கு முன்னால் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் போட்டது மனிதக் கைதான். அம்மா பக்கத்துத் தோட்டத்தில் சில ஆண்டுகள் அந்த வேலை செய்தார். மாவு போன்ற மகரந்தத்தைப் பெண் பூவின்மேல் தூவிக்கொண்டே போக வேண்டும். பூ விரியும் நாளைத் தவறவிட்டால் காய் பிடிக்காது. 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலை வண்டுக்குப் போனது. பூவைப் பார்த்துப் பழகிய கண் மட்டும் அம்மாவிடம் தங்கிவிட்டது. ஆண்டின் பிற்பாதியில் குலை பெருகும் என்பார். கடும் வறட்சி வந்தால் அந்த ஆண்டுக் குலையைப் பார்த்து ஏமாறாதே, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பார் என்பார். உண்மைதான். குலை பழுப்பதற்கு வெகு காலம் முன்பே பூவின் கரு உருவாகிவிடுகிறது. தண்ணீருக்குத் தவித்த மரம் பெண் பூவைக் குறைத்து ஆண் பூவை அதிகமாக வைக்கிறது. பட்ட தாகத்தை அந்த மரம் அவ்வளவு நாள் உள்ளேயே வைத்திருக்கிறது.

காற்றுக்கும் காலம் உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, இரவில் மலாக்கா நீரிணைக்கு மேலே திரளும் மழை, சுவர் போல வரிசை கட்டி, விடிவதற்கு முன் நம் கரையில் ஏறும். அதற்குப் பெயரே சுமத்ரா. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். ஆனால் அதுதானே பால் வெட்டும் நேரம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்துவிடும், கோப்பையில் தண்ணீர் நிற்கும். வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அப்பா நான்கு மணிக்கு எழுந்து வாசலில் மேற்கே பார்த்து நிற்பார். தூரத்தில் மின்னல் மட்டும் தெரியும், சத்தம் இருக்காது. காற்றில் சேற்று வாடை வந்தால் “கடல் வருது” என்று ஒரு சொல்தான் சொல்வார். அம்மா கட்டி வைத்த சாப்பாட்டை அவிழ்த்துவிடுவார். பள்ளியில் மழையைப் பற்றிச் சந்தோஷமான பாட்டுப் பாடிவிட்டு வந்து அப்பா முகத்தைப் பார்த்த நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட நான் சொல்ல நினைத்தது தீபாவளித் தண்ணீரைப் பற்றி.

கடலோரத் தோட்டங்களின் நிலம் பெரும்பாலும் சதுப்பை வடித்து எடுத்த நிலம். கடல் ஏறி நிற்கும்போது அதன் மட்டம் தோட்டத்து மண்ணைவிட உயரம். அதனால்தான் கரையோரம் நீளத்துக்கு மண்கரை கட்டி, வாய்க்கால் கடலில் சேரும் இடங்களில் தண்ணீர்க் கதவு வைத்திருக்கிறார்கள். கடல் வற்றும்போது கதவைத் திறந்து தோட்டத்துத் தண்ணீரை வெளியே விடுவார்கள், ஏறும்போது மூடிவிடுவார்கள். மூடியிருக்கும் நேரத்தில் வானமும் ஊற்றினால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. வாய்க்கால் நிரம்பி லயத்துக்குள் வரும்.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் அதிகமாக ஏறும். புரட்டாசி, ஐப்பசியில் அந்த ஏற்றம் இன்னும் கூடும். மலாய்க்காரர்கள் ‘ஆயர் பாசாங் பெசார்’ என்பார்கள். அதே அக்டோபர், நவம்பர்தான் காற்று திசை மாறும் இடைக்காலம், மதியத்துக்குமேல் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும் காலம். தீபாவளி எப்போது வருகிறது? ஐப்பசி அமாவாசையை ஒட்டி. கடல் ஏற்றமும், மாலை மழையும், நம் பண்டிகையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் நாள்காட்டியில் அமாவாசையின் கறுப்பு வட்டத்தை விரலால் தொட்டு, பின்னோக்கி எண்ணி, “இன்னும் நாலு நாள்ல தண்ணி” என்பார். முறுக்கு டின்களைப் பரண்மேல் ஏற்றச் சொல்வார். கோழிக் கூண்டுக்கு அடியில் கல் வைக்கச் சொல்வார். ஒரு தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நானும் தம்பியும் மேசைமேல் உட்கார்ந்து, கீழே செருப்பு மிதந்து போவதைப் பார்த்தோம். பாட்டி சொன்னது பலிக்கிறது, அவருக்கு ஏதோ அருள் இருக்கிறது என்று வெகு நாள் நம்பினேன். அது கணக்கு. நிலவையும் கடலையும் மழையையும் கதவையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அந்த அறிவை அறிவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

அதே அமாவாசை இருட்டில்தான் கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் மின்மினி நன்றாகத் தெரியும். பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் எரிந்து அணையும். மரத்தில் தெரிவது அதன் கடைசிக் காலம்தான். புழுவாக இருக்கும்போது அது கரையோரச் சேற்றில், செத்தைக்கு நடுவில், நத்தையைத் தின்று வளர்கிறது. கரையைச் சுத்தம் செய்கிறேன் என்று வழித்தெடுத்தால் மரம் மட்டும் மிஞ்சும், வெளிச்சம் இருக்காது. எங்கிருந்தோ வருகிறவர்கள் படகேறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தயவுசெய்து கூட்டிக்கொண்டு போங்கள்.

செப்டம்பரில் தகைவிலான் குருவிகள் வந்து மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும். சைபீரியாவிலிருந்து உள்ளான்கள் சேற்றுக்கரைக்கு வந்து இறங்கும். ஏப்ரல் வாக்கில் எல்லாம் கிளம்பிவிடும். காக்கை மட்டும் போகாது. அதையும் 1890களில் சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக. அமாவாசைக்குச் சோறு வைக்கும்போது, நம்மைப் போலவே தோட்ட வேலைக்கு வந்த பறவை என்று அதன்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு.

மனிதன் உண்டாக்கிய ஒரு பருவமும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி. ஆடி மாதக் கடைசி, கோயிலில் கூழ் ஊற்றும் சமயம். தென்மேற்குக் காற்று சுமத்ரா தீவில் எரிந்த காடுகளின் புகையை இந்தக் கரையில் கொண்டுவந்து போட்டது. காற்று மாசுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே ஆபத்து. அன்று 500ஐத் தாண்டியது. கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். என் சின்ன மகனுக்கு அப்போது ஆறு வயது. ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி அடைத்துவிட்டு, அவன் நெஞ்சில் காது வைத்து இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு விளக்கு தெரியவில்லை. இன்றைக்கும் ஆடியில் காலை வெயில் சிவப்பாக இருந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். பிள்ளைகள் இதையும் படமாக வரையட்டும். ஆனால் இது தானாக வருவதில்லை, நெருப்பு வைக்கிறார்கள், அதனால் வருகிறது என்று அதன் கீழே எழுதவும் வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் நானும் ஆறு பெரும்பொழுதுகளை மனப்பாடம் செய்தவள்தான். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். எவ்வளவு அழகான பெயர்கள்! அவை அந்த மண்ணைப் பார்த்து அந்த மக்கள் வைத்த பெயர்கள். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு வருவேன், காலடியில் சருகு நொறுங்கும். அந்த ஆறையும் பிள்ளைகள் படிக்கட்டும். பூமரத்தையும் பனிமரத்தையும்கூட வரையட்டும். கூடவே நம் பெயர்களுக்கும் ஒரு தாள் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன். இதைப் படிக்கும் ஆசிரியர்களே, ஒரே ஒரு தடவை பிள்ளைகளை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்: எந்த மாதம் பால் குறைந்தது, எந்தக் காற்றுக்குத் தாத்தா வேலைக்குப் போகவில்லை, எந்தத் திருவிழாவுக்குத் தண்ணீர் வந்தது. பால் வெட்டிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. என் அப்பா 2014இல் போய்விட்டார். அந்த இருட்டில் மேற்கே பார்த்து அவர் என்னென்ன தெரிந்துகொண்டார் என்பதை நான் முழுதாகக் கேட்டு வைக்கவில்லை. உங்கள் தோட்டத்தில் என்ன பெயர் சொன்னீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து வைக்கிறேன்.

அன்று மாலை பேத்தி இன்னொரு தாள் எடுத்தாள். 81 வயது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். மொட்டைப் பால்மரம், அதன் கீழே சருகு. வாசலில் நிற்கும் ஒரு தாத்தா. கம்பியில் குருவிகள். பரண்மேல் முறுக்கு டின். கீழே தண்ணீர் வரைந்துவிட்டு நீலப் பென்சிலை எடுத்தவள், “பெரிய பாட்டி, தண்ணி என்ன கலர்?” என்று கேட்டாள்.

“பால் ஊத்துன தேத்தண்ணி கலரு” என்றார் அம்மா. அவள் நீலத்தை வைத்துவிட்டுப் பெட்டியில் பழுப்பைத் தேடினாள்.