நாலு கோடு இருக்கு, பேச்சுதான் இல்லை

தண்டையார்பேட்டையில் எங்கள் கூடத்தில் போன் நாலு சிக்னல் கோடு காட்டும். அழைத்தால் "ஹலோ, ஹலோ" மட்டும்தான். இந்தக் கோடுகளுக்குப் பொது அளவே கிடையாது. எத்தனை காட்டுவது என்பது போன் கம்பெனியின் இஷ்டம். உண்மையான கணக்கு, சிக்னலின் சக்தியை அளக்கும் டிபிஎம் எண்ணில் இருக்கிறது. 4ஜியில் மைனஸ் 80 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 115 என்றால் தேறாது. பத்து இறங்கினாலே சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த எண்ணைப் பார்க்க ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் போய், சிம் நிலவரம் வரை தோண்ட வேண்டும் (சில போன்களில் அதுவும் இருக்காது). முகப்பிலேயே காட்டினால் என்ன குறைந்துவிடும்?

சரி, எண் நன்றாகவே இருக்கட்டும். சாயங்காலம் துணிக்கடை வீதியான எம்.சி. ரோட்டில் நெட் நகராது. அத்தனை கூட்டமும் ஒரே டவரில் தொங்குவதை எந்தக் கோடு சொல்கிறது? பணம் போச்சா இல்லையா என்று துணிக்கடைக்காரரும் நானும் திரையை முறைத்துக்கொண்டு நிற்கிறோம்.