வெறும் தாங்கி என்றால் ஆபத்தில்லையா?

"பெற்றோல் தாங்கியை வெறுமையாக்கிவிட்டால், பக்கத்துத் தாங்கி கிட்ட இருந்தாலும் வெல்டிங் செய்யலாம்" என்றொரு செய்தி மட்டக்களப்பு, கல்முனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பிழை. எரிவது திரவமல்ல, ஆவி. காற்றில் சுமார் 1.4 வீதம் பெற்றோல் ஆவி இருந்தாலே தீப்பிடிக்கும். அடியில் படிந்த கசடு அந்த ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும்.

இடைவெளியில்தான் பலர் குழம்புகிறார்கள். எரிதிரவங்களுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 30இன்படி, 45 மீற்றர் வரை விட்டமுள்ள இரு தாங்கிகளுக்கிடையே, விட்டங்களின் கூட்டுத்தொகையில் ஆறிலொரு பங்கு வேண்டும். 12 மீற்றர் தாங்கிகள் இரண்டென்றால் 4 மீற்றர். சரி, அது கட்டும்போது பார்க்கும் கணக்கு. வெல்டிங் தீப்பொறிக்கோ, சுற்றிவர 11 மீற்றருக்குள் எரியக்கூடியது எதுவும் இல்லையா என்று பார்ப்பார்கள். கச்சான் காற்றடிக்கும் நாளில் அதுவும் போதாமல் போகலாம். கருவியால் வாயு அளவைப் பார்த்து, எழுத்தில் அனுமதி கிடைக்கும்வரை எந்தத் தம்பியையும் உள்ளே இறக்காதீர்கள்.