எதற்கும் இருக்கட்டும், இன்னும் இரண்டு கிலோ!

இந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்ன டைவ் கைடு, அதாவது கடலில் முக்குளிக்க அழைத்துப்போகும் வழிகாட்டி, யாரென்று தெரிந்தால், அவர் இடுப்பில் அந்த 2 கிலோ ஈயத்தைக் கட்டி, பாலித் தீவின் துலாம்பென் கரையின் உருளைக்கற்கள்மேல் உச்சிவெயிலில் நடக்கவிட வேண்டும்.

1942இல் ஜப்பானிய நீர்மூழ்கியிடம் அடிவாங்கி அங்கே கரைதட்டவைக்கப்பட்டு, 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்த லிபர்ட்டி கப்பலைப் பார்க்கப் படகு தேவையில்லை, கரையிலிருந்தே இறங்கிவிடலாம். இறங்கவிட்டால்தானே!

நீரில் அமிழ்வதற்கு இடுப்பில் எவ்வளவு ஈயம் கட்டவேண்டுமென்று எடை பார்ப்பதென்ன பிரம்ம வித்தையா? காற்றேற்றி மிதக்கவைக்கும் சட்டையான பி.சி.டி.யிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, இயல்பாக மூச்சிழுத்து நிறுத்தினால் கண்மட்டத்தில் மிதக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால், செலவாகப்போகும் காற்றின் எடைக்கு ஈடாகச் சுமார் 2 கிலோ சேர்க்க வேண்டும். அதையும் சேர்த்துத்தான் 4 கிலோ போதுமென்றேன். 3 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட் உடையில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்த எங்கள் கைடு மகானுபாவர், 6 என்றார். பிறகு அந்தத் திருவாசகத்தைச் சொல்லி 8 ஆக்கினார்.

என்னை விடுங்கள். சான்றிதழின் மை காயாத ஒரு பெண்ணும் எங்களோடு வந்திருந்தார். அலை உடைகிற இடத்தில், முழங்கால் நீரில், ஒற்றைக்காலில் நின்று, துடுப்புபோல் காலில் மாட்டும் ஃபின்னை மாட்டச் சொன்னார் கைடு, அவரை. மாஸ்க் நெற்றியில், வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் தோளில் தொங்குகிறது, பி.சி.டி.யில் பொட்டுக் காற்றில்லை, இடுப்பிலோ ஈயம். முதல் அலையில் காலடிக் கல் உருண்டது. இரண்டாவதில் ஃபின் போயிற்று. மூன்றாவதில் மாஸ்க்கும் போய், ஆளும் குப்புற விழுந்தார். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தபோது அவருக்கு ஐந்தெழுத்து துணையிருந்தது. இவருக்கு யார் துணை? "எழுந்திருங்கள், எழுந்திருங்கள்!" என்று கரையிலிருந்து கைதட்டினார் கைடு. அவ்வளவு பாரத்தோடு எப்படியய்யா எழுவது? சிலிண்டரைத் தலையில் சுமந்து அதே கற்கள்மேல் அநாயாசமாக நடந்து வந்த உள்ளூர்ப் பெண்கள்தாம் ஓடிவந்து தூக்கினார்கள்.

அலைகள் கூட்டங்கூட்டமாக வரும்; சற்று நேரம் நின்று பார்த்தால் இடைவெளி தெரியும். மாஸ்க்கை முகத்திலும் ரெகுலேட்டரை வாயிலும் வைத்து, பி.சி.டி.யில் காற்றேற்றி, துணைவரைப் பிடித்தபடி அந்த இடைவெளியில் விறுவிறுவென்று கடந்து, மிதக்கும் ஆழம் வந்தபின் ஃபின் மாட்டினால் போதுமே! ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் கடலைப் பார்க்க வேண்டும். அவருக்கு அடுத்த குழு காத்திருக்கிறதாம்.

கீழே என் கதை தனி. 8 கிலோவைச் சமாளிக்கப் பி.சி.டி.யில் காற்றேற்றினால், சற்று மேலே வந்ததும் அது விரிந்து இன்னும் மேலே இழுக்கிறது. வெளியேற்றினால் கல்லாய் இறங்குகிறேன். கப்பலைப் பார்த்தேனோ இல்லையோ, பி.சி.டி.யின் காற்றுப் பொத்தானை நன்றாகப் பார்த்தேன். காற்றும் பாதியிலேயே தீர்ந்தது.

கரையேறியதும் என் டைவ் குறிப்பேட்டை வாங்கி, கப்பல் படம்போட்ட முத்திரையை அழகாகக் குத்தி, அதன்கீழ் கைடு எழுதியிருந்தார்: "மிதவைக் கட்டுப்பாடு போதாது. அடுத்தமுறை 9 கிலோ." சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.