கறுப்புப் பெயின்ட் அடிச்சா ஸ்டார்ட்டர் ரிப்பெயார் ஆகிடாது

கொழும்பில வாகனச் சாமான் கடைகள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தையில காலையில குடுத்த மொரிஸ் மைனர் காரின் ஸ்டார்ட்டர், அதாவது எஞ்சினைச் சுத்தி ஸ்டார்ட் பண்ணுற மோட்டர், பின்னேரம் பளபளன்னு கறுப்புப் பெயின்டோட திரும்பி வரும். மேசையில வச்சு பற்றரி வயரைத் தொட்டுக் காட்டுவாங்க. விர்ரென்று சுத்தும். "பாருங்க, புதுசு மாதிரி" என்பாங்க. மூணு கிழமை போகும். கொள்ளுப்பிட்டிச் சந்தியில, கொட்டுற மழையில எஞ்சின் நின்னு, திருப்பி ஸ்டார்ட் பண்ணினா 'டொக்' என்று ஒரு சத்தம் மட்டும்தான் வரும். கேட்டா, "பழைய சாமான்தானே, ஜப்பான் ஸ்டார்ட்டர் ஒன்று போடுங்க" என்று பதில். அறுபது வருஷம் உழைச்ச சாமானை அரை நாளில நாசமாக்கிட்டு, பழியை அதன் வயசில போடுறது என்ன நியாயம்?

மேசையில சும்மா சுத்துறது சோதனையே இல்லை. லோட் இல்லாட்டி அரைவாசி செத்த ஸ்டார்ட்டரும் பறக்கும். எஞ்சினைத் திருப்பும்போது இது சில நூறு ஆம்பியர் இழுக்கிற மோட்டர். 300 ஆம்பியர் ஓடுற பாதையில வெறும் 0.01 ஓம் தடை கூடினாலே 3 வோல்ட் அங்கேயே எரிஞ்சு போயிடும். இருக்கிறதே 12 வோல்ட். ஒரு பிரஷ் (சுத்துற பகுதியில உரசிக் கரண்ட் குடுக்கிற கட்டை), ஒரு ஈயப் பற்று, ஒரு துருப்பிடிச்ச நட் கூட இதில சின்ன விஷயம் இல்லை.

வயிறு எரியிறது கொமியூட்டேட்டரைப் பார்க்கும்போதுதான், அதாவது உள்ளே சுத்துற ஆமேச்சரின் முனையில பிரஷ் உரசுற செப்புத் துண்டு வளையத்தை. மைனர், பழைய மினி, ஒஸ்டின் ஏ35 எல்லாத்திலயும் வந்தது லூகாஸ் கம்பனியின் எம்35ஜி ஸ்டார்ட்டர். பற்றரியைச் சார்ஜ் பண்ணுற டைனமோவின் கொமியூட்டேட்டரில செப்புத் துண்டுகளுக்கு நடுவில இருக்கிற இன்சுலேஷனை 1/32 அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி எடுக்கணும், சரி. ஸ்டார்ட்டரில அதைத் தொடவே கூடாது! வேர்க்‌ஷொப் மனுவலில தெளிவா எழுதியிருக்கு. ஆனாலும் ஹக்ஸோ பிளேட்டை எடுத்து வரிவரியா அறுத்துத் தள்ளுறாங்க. டைனமோ பிரஷ் வெறும் காபன். ஸ்டார்ட்டர் பிரஷ்ஷில செம்பு கலந்திருக்கு. அது தேயும்போது கொட்டுறது செப்புத் தூள். அறுத்த கொமியூட்டேட்டரைக் கொஞ்ச நாளில திருப்பிக் கழட்டிப் பாருங்க. ஒவ்வொரு பள்ளத்திலயும் அந்தத் தூள் பசை மாதிரி அழுந்தி நிரம்பியிருக்கும், துண்டுகளின் விளிம்பு எரிஞ்சு கறுத்திருக்கும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஷோர்ட் ஆகித்தான் ஆமேச்சர் சாகுது. லேத்தில எவ்வளவு குறைவா முடியுமோ அவ்வளவு மட்டும் கடைஞ்சு, மெல்லிய கண்ணாடித் தூள் சாண்ட் பேப்பரால மினுக்கினா வேலை முடிஞ்சது. எமரி வேண்டாம். அதன் துகள் செம்பில பதிஞ்சு பிரஷ்ஷைத் தின்னும்.

பிரஷ்ஷும் அதே கதைதான். 5/16 அங்குலத்துக்குக் குறைஞ்சா மாத்தணும். கையில கிடைச்ச ட்ரில் மெஷின் காபனை அரத்தால தேய்ச்சு அளவாக்கிப் போட்டா, அது 230 வோல்ட்டுக்கான பிரஷ், இவ்வளவு கரண்டை எப்படிக் கடத்தும்? எம்35ஜிக்கான செட் இன்றைக்கும் இங்கிலாந்தில விற்கிறாங்க, ஒரு சின்னப் பார்சலில வந்துடும். பின்னால வந்த எம்35ஜேயில ஃபீல்ட் கொயில் (ஆமேச்சரைச் சுத்தி உடம்பில நிலையா இருக்கிற சுருள்) அலுமினியமா இருக்கலாம். அலுமினியத்தில ஈயம் பிடிக்காது. அதனால பழைய பிரஷ் வயரை அடியோட பிடுங்காம, கொஞ்சம் மிச்சம் விட்டு வெட்டி, அந்தச் செப்பு முனையில புது வயரை ஈயம் போட்டு ஒட்டணும். பிடுங்கிட்டா கொயிலே போச்சு.

ஆமேச்சர் ஷாஃப்டைத் தாங்குற புஷ் விஷயத்தில நடக்கிறது இதைவிட மோசம், ஏனென்றால் வெளியே ஒன்றுமே தெரியாது. ஒரிஜினல் புஷ் நுண்துளை வெண்கலம், எண்ணெயை உறிஞ்சி வச்சுக்கும். போடுறதுக்கு முதல் எஸ்ஏஈ 30 எஞ்சின் ஒயிலில 24 மணித்தியாலம் ஊறணும். காலையில வாங்கிப் பின்னேரம் குடுக்கிறவர் எந்த 24 மணித்தியாலம் ஊறப்போட்டார்? சாதாரண பித்தளைக் கம்பியைக் கடைஞ்சு தட்டி இறக்கிடுறாங்க. அல்லது சரியான புஷ்ஷையே போட்டுட்டு, இறுக்கமா இருக்கென்று உள்ளே சுரண்டிப் பெரிசாக்கிற ரீமர் விடுறாங்க. ரீமர் விட்ட கணமே துளையெல்லாம் அடைபட்டுப் போகும், பிறகு அது வெறும் பித்தளைதான். ஷாஃப்டைவிட மயிரிழை மட்டும் தடிப்பான, மினுக்கின மண்ட்ரல் (உருண்டைக் கம்பி) ஒன்றை உள்ளே வச்சு அழுத்தினா அளவு தானா வரும். பழைய புஷ்ஷைக் கழட்ட உளியும் வேண்டாம்: புரி வெட்டுற அரை அங்குல டப் ஒன்றை நேரா சில சுற்று முறுக்கி இழுத்தா வந்துடும், புஷ் இருக்கிற முனை மூடி, அந்தப் பிரக்கட், வெடிக்காது. புஷ் தேய்ஞ்ச ஸ்டார்ட்டரில ஆமேச்சர் இறங்கி, ஃபீல்ட் கொயிலைத் தாங்குற போல் ஷூ இரும்பில உரசும், இரும்பில ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று தேய்மானம் தெரியும். அதைப் பார்க்காம எத்தனை பேருக்குப் பெரிய பற்றரி விற்றிருக்கிறாங்க!

ஃபீல்ட் கொயிலில பிளாஸ்டிக் டேப் சுத்துறதையும் நிறுத்துங்க. சூட்டில உருகி வழியும். பருத்தி நூல் டேப், அதுக்கு மேல இன்சுலேட்டிங் வார்னிஷ், உள்வரை காயும்வரை பொறுமை. கொழும்புக் காற்றில ஈரம் கொஞ்சமா?

ஸ்டார்ட்டரை எஞ்சினோட கோர்த்து விடுற பெண்டிக்ஸுக்கு கிரீஸ் அப்புறவங்களுக்கு என்ன சொல்ல? அந்தத் திருகுப் புரியில பினியன் என்ற சின்னப் பற்சில்லு தானா ஓடிப் போய் எஞ்சின் ஃபிளைவீல் பல்லில விழணும். கிரீஸில கிளச் தூசு ஒட்டி, அது சீமெந்து மாதிரி இறுகிடும். மோட்டர் மட்டும் சுத்தும், எஞ்சின் அசையாது. மண்ணெண்ணெயும் கழுவுற பிரஷ்ஷும் போட்டுக் கழுவிக் காய வச்சாப் போதும். பினியன் சிக்கிட்டா சுத்தியலால அடிக்கவும் தேவையில்லை. பின்பக்க மூடியைக் கழட்டினா சதுரமான ஷாஃப்ட் முனை இருக்கு, ஸ்பானரால திருப்பி விடுங்க. லூகாஸ்காரன் அதை அதுக்கென்றே வச்சான்.

இன்னொரு பொய்: "உங்கட கார் பொசிட்டிவ் ஏர்த், ஸ்டார்ட்டரையும் மாத்தி வைண்ட் பண்ணணும்." பற்றரியின் பொசிட்டிவ் முனையைக் கார் பொடியில மாட்டியிருக்கு, அவ்வளவுதான். மாத்தத் தேவையே இல்லை. இது சீரிஸ் மோட்டர். பற்றரியை மாத்தினா ஃபீல்டும் ஆமேச்சரும் சேர்ந்தே மாறும், சுத்துற திசை மாறாது. இதுக்குக் காசு வாங்கிறது அப்பட்டமான ஏமாற்று.

அந்தக் கறுப்புப் பெயின்டுக்கு முதல் கிரைண்டரில வயர் வீல் போட்டு உரசுறாங்களே, அதில யோக்கில, அதாவது ஸ்டார்ட்டரின் வெளி உடம்பில, அடிச்சிருக்கிற லூகாஸ் நம்பரும் திகதியும் அழிஞ்சு போகுது. நம்பர் பிளேட்டில ஸ்ரீ எழுத்து இருக்கிற பழைய கார் ஒன்றை ஒரிஜினலா வச்சிருக்கிறவருக்கு அந்த எழுத்துதான் சொத்து. திருப்பி வந்தது தன்ர ஸ்டார்ட்டரா, வேற யாருடையதா என்று அவர் எதைப் பார்த்துச் சொல்றது? குடுக்க முதல் யோக்கிலயும் ரெண்டு பிரக்கட்டிலயும் ஒரு பஞ்ச் குறி போடுங்க, ஆமேச்சர் ஷாஃப்ட் முனையிலயும் போடுங்க. போட்டோ எடுங்க. கழட்டின பழைய புஷ்ஷையும் பிரஷ்ஷையும் ஒரு பையில போட்டுத் தரச் சொல்லுங்க.

காசை மேசையில வைக்காதீங்க. காரில மாட்டச் சொல்லுங்க. டெர்மினலின் வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பானரால பிடிக்கிறாங்களா பாருங்க. பிடிக்காட்டி போஸ்ட் முறுகி உள்ளே கொயில் மூட்டு உடையும். பிறகு எஞ்சின் பத்தாம இருக்க இக்னிஷன் கொயில் வயரைக் கழட்டி வச்சு, மீட்டரைப் பற்றரியில பிடிச்சுக்கிட்டு கிராங்க் பண்ணச் சொல்லுங்க. நல்ல பற்றரியோட 10 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்கணும். அடுத்து மீட்டரின் ஒரு முனை பற்றரியின் ஏர்த் போஸ்டில, மற்றது ஸ்டார்ட்டர் உடம்பில. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எஞ்சினுக்கும் கார் பொடிக்கும் நடுவில இருக்கிற ஏர்த் பட்டியோ பற்றரியின் ஏர்த் வயரோ சரியில்லை. அதைக் கழட்டிச் சுரண்டிப் போடாம ஸ்டார்ட்டரைத் திருப்பித் திறக்க விடாதீங்க.