விதை மூட்டை அவிழும் முன்
மழை பொய்த்ததால் உழவர் வீட்டில் பசி என்று நான் படித்த ஒரு கட்டுரை, காரணத்தை மழையோடு நிறுத்திக்கொண்டது எனக்கு வருத்தம். அறுத்த கையோடு கடனுக்காக மலிவாக விற்றுவிட்டு, சில மாதங்களில் அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கும் சிறு விவசாயிகள் எத்தனை பேர்! பசி வாசலில் தெரியாது. அம்மா கடைசியாகச் சாப்பிட உட்காருவாள். பானையைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஆடு விலைபோகும். கடைசியில் விதைக்குக் கட்டிவைத்த மூட்டை அவிழும். அதோடு அடுத்த பருவமும் போயிற்று.

பல நாடுகள் பின்பற்றும் ஐந்து நிலை உணவு நெருக்கடி அளவுகோலில், பிழைப்புக்கான உடைமைகளைக் கரைத்துத்தான் வயிற்றை நிரப்ப முடிகிறது என்றாலே அது 3-ஆம் நிலை. பஞ்சம் என்பது 5-ஆம் நிலை. கருவில் தொடங்கி முதல் 1000 நாட்களில் சத்தில்லாமல் போன குழந்தைக்கு, பின்னால் வரும் நல்ல விளைச்சல் ஈடாகாது. நிவாரணம் அந்த மூட்டை அவிழும் முன்பே வீடு வந்து சேர வேண்டும்.