ஜோர்ஜ்டவுனில் எந்த வேளைக்கு எதைச் சாப்பிடுவது

பினாங்கு போகிறோம், எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால் உடனே பத்துக் கடைப் பட்டியல் ஒன்று வந்து விழுகிறது. அதை நம்பிப் பகல் இரண்டு மணிக்கு லோரோங் பாரு தெருவில் போய் நின்றால் தள்ளுவண்டி ஒன்றையும் பார்க்க முடியாது. அவை வந்து சேரவே சாயங்காலம் ஆகும். பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனில் ஓர் ஒட்டுக்கடை பெரும்பாலும் ஒரே உணவைத்தான் செய்யும், அதையும் சில மணி நேரம்தான் விற்கும். தீர்ந்துவிட்டால் மூட்டை கட்டிவிடுவார்கள். அதனால் முதலில் வேளை, அடுத்து உணவு, கடைசியாகத்தான் கடை.

காலையில் பசியாற டிரான்ஸ்ஃபர் ரோடு பக்கம் போனால் ரொட்டி சானாய், நம் பரோட்டா மாதிரி. குழம்பை மேலேயே ஊற்றித் தருவது அங்கே வழக்கம். மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் குழம்பைத் தனியாகக் கேளுங்கள், ஊற்றிய சில நிமிடங்களில் ரொட்டி ஊறிப்போகும். கறி வேண்டாதவர்கள் பருப்பு மட்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நாசி கண்டாருக்கு அவசரப்படாதீர்கள். காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குத் தந்த உணவு அது. கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஹமீதியா 1907இலிருந்து இருக்கிறது. பினாங்கு ரோட்டுச் சந்துக்குள் லைன் கிளியர். இரவு பத்துக்கு மேல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டி வரிசை நிற்கும் கடை. மூன்றில் எது உயர்த்தி என்ற சண்டை வேண்டாம், கேட்டு வாங்கும் முறை தெரிந்தால் மூன்றிலும் நன்றாகச் சாப்பிடலாம்.

சோறு பாதி போதும் என்று சொல்லுங்கள். கோழியோ ஆட்டுக்கறியோ மீனோ ஒரே ஒரு துண்டு, ஒரு வெண்டைக்காய், வேண்டுமானால் பாதி உப்பு முட்டை, அவ்வளவுதான். அதன் பிறகு "குவா சம்போர், பஞ்சீர்" என்றால் நாலைந்து குழம்புகளைக் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். மீன் குழம்பின் புளிப்பு, கறிக்குழம்பின் காரம், கறுப்பு சோயா குழம்பின் இனிப்பு எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில்தான் நாசி கண்டாரின் ருசி இருக்கிறது. என்னைக் கேட்டால் துண்டு இரண்டாம் பட்சம். குழம்பைத் தனித்தனிக் கிண்ணத்தில் வாங்குகிறவர்கள் பாதியை இழக்கிறார்கள்.

விலையில் ஏமாற்றம் வருவதும் இந்த இடத்தில்தான். கணக்குப் போடுகிறவர் தட்டைப் பார்த்து ஒரு தொகை சொல்வார். பெரிய இறால், மீன் முட்டை, கணவாய் இவற்றுக்கு அளவைப் பொறுத்து விலை. கரண்டி தட்டுக்கு வருமுன்பே "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். தமிழிலேயே கேட்கலாம், மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட அங்கே "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மத்தியான வெயிலில் ஆயர் ஈத்தாம் பக்கம் போனால் அசாம் லக்சா, புளிப்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ். தேங்காய்ப்பால் லக்சாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இதில் அயிலை மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும் இஞ்சிப்பூவும் லக்சா இலையும் போட்டுக் கொதிக்கவைத்த சாறுதான். மேலே அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா. கரண்டியில் கறுப்பாக வரும் ஹே கோ, அதாவது இனிப்பு இறால் விழுது, அடிவரை கரைய வேண்டும். கரைக்காமல் சாப்பிட்டுவிட்டு வெறும் புளிப்பு என்று குறை சொல்பவர்கள் பலர். சாறு தண்ணீராக ஓடினால் மீன் குறைவு என்று அர்த்தம்.

சார் குவே தியா என்பது தட்டையான அரிசி நூடுல்ஸ் வறுவல். அதை ஒவ்வொரு தட்டாகப் புரட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள். நாலு தட்டுக்கான குவே தியாவை ஒரே சட்டியில் கொட்டினால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, ஒட்டிக்கொள்ளும். கருகல் வாசம் வராது. காத்திருக்க வேண்டியிருக்கும், இருங்கள். சிப்பியை அரைவேக்காட்டில்தான் போடுவார்கள், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் "கெராங் தா மாவ்" என்றால் போதும். சீனர் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேரும். ஹோக்கியன் மீ என்ற நூடுல்ஸ் சூப்பில் இறால் தலையோடு பன்றி எலும்பும் கொதிக்கும். பன்றி விலக்குபவர்களுக்கு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் கடை, மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) இருக்கிறது, அதுவும் குறைந்ததல்ல.

சைவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், காய்கறிப் பிரட்டலிலும் இறால் விழும். மார்க்கெட் ஸ்ட்ரீட், குயீன் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட் சுற்றிய லிட்டில் இந்தியாவில் தமிழர் சைவக் கடைகள் உண்டு. சீனச் சைவக் கடைகளும் நல்லவை, பூண்டு வெங்காயம்கூடப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே கூட்டம் அள்ளும், சீக்கிரமாகப் போய்விடுங்கள்.

கோப்பிக் கடையில் மேசை கடைக்காரருடையது, உணவு வண்டிக்காரருடையது. வண்டியில் சொல்லிவிட்டு மேசையைக் காட்டுங்கள், தட்டு வந்ததும் அவரிடமே காசு. பானம் கடையில் தனியாக வாங்க வேண்டும், வாங்காவிட்டால் சில கடைகளில் கூடுதலாகச் சில காசு கேட்பார்கள். பால் வேண்டாமென்றால் கோப்பி ஓ, சீனியும் வேண்டாமென்றால் கோப்பி ஓ கோசோங். தட்டுகள் சிறியவை. இரண்டு பேர் மூன்று தட்டு வாங்கிப் பகிர்ந்தால் அடுத்த தெருவுக்கும் வயிற்றில் இடம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மாமாக் கடைகள் பல மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் அவற்றைப் பகலில் நம்பாதீர்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் சீனர் வண்டிகள் பாதிக்கு மேல் வராது, அந்த நாட்களில் லிட்டில் இந்தியாவும் நாசி கண்டாரும்தான் கைகொடுக்கும்.