எச்சத்தில் வெள்ளை தெரிந்தால் வெள்ளைக் கழிச்சலா?

“கோழி எச்சத்தில் வெள்ளை தெரிந்தால் வெள்ளைக் கழிச்சல். மனிதருக்கான டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பொடித்துப் புகட்டினால் ஒரே நாளில் குணம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு பாதியுமே தவறு.

கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. அதன் யூரிக் அமிலம்தான் எச்சத்தின் மேல் வெள்ளைத் தொப்பி போல உட்காரும். கெட்டியான எச்சத்தில் அது இருப்பது நல்ல அடையாளம். இதற்குப் பயந்து நல்ல கோழிக்கு மாத்திரை கொடுத்தவர்களும் உண்டு!

வெள்ளைக் கழிச்சல் என்கிற இராணிக்கெட் நோயில் எச்சம் பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போகும். கோழி இரை எடுக்காமல் தூங்கி வழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பிழைத்து நிற்பவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், இறக்கை தொங்கும். இது வைரஸ் நோய். டெட்ராசைக்ளின் பாக்டீரியாவைத்தான் தடுக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல். அதற்கு மருந்தே வேறு.

நோய்க் கோழியை உடனே பிரித்து, காற்றடிக்காத கதகதப்பான இடத்தில் வையுங்கள். தண்ணீர் வற்றவிடாதீர்கள், அதில் எலக்ட்ரோலைட் என்கிற உப்புச்சத்துப் பொடி கலக்கலாம். தீனிச் சட்டியும் தனியாக இருக்கட்டும். தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள், கண் சிவக்கும். செத்த கோழியை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

காப்பது தடுப்பூசிதான்: குஞ்சு பொரித்த 7ஆம் நாள் வாக்கில் கண்ணில் சொட்டு மருந்து, 8ஆம் வாரத்தில் இறக்கையில் ஊசி. ஏற்கெனவே சுணங்கிய கோழிக்குப் போடக்கூடாது. அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.